வந்துட்டா

பேருந்தை விட்டு இறங்கியதுமே கிளாடிஸுக்குத் தெரிந்துவிட்டது. மணப்பாட்டில் அவள் தெரு முழுக்க இருட்டு. காலையில் அவள் கிளம்பும்போது போன கரண்ட் இன்னும் வந்தபாடில்லை.

கரண்ட் இல்லாத கதையைச் சொல்லத் தூத்துக்குடி வரைக்கும் போய், கால் கடுக்க நின்று, தோற்றுவிட்டுத் திரும்பினால் வீட்டிலும் கரண்ட் இல்லை. சிரிப்புத்தான் வரவேண்டும். அவளுக்கு வயிறு எரிந்தது.

வீடு பழைய காலத்து வீடு. உப்புக்காற்று சுவரையும் தின்றது, கம்பியையும் தின்றது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், தெருமுக்கு கரண்ட் போஸ்டில் பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் இருட்டுதான். இரண்டு தெரு தள்ளி ஜெகஜோதியாக இருக்கும். இந்தத் தெரு மட்டும் என்ன பாவம் செய்ததோ.

போன ஐப்பசி மழையிலும் இப்படித்தான் போனது. மாமியார் மிக்கேலம்மாளுக்கு ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் மூச்சு ஓடாது. இன்வெர்ட்டரும் மதியத்தோடு கையை விரித்துவிட்டது. சிலிண்டர் எடுத்துவர கிளாடிஸ் உடன்குடிக்குக் கிளம்பியபோது மாமி அவள் முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, என்னைய இருட்டுல விட்டுட்டுப் போவாத."

"இந்தா வந்துருதேன் மாமி" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனாள்.

சிலிண்டரோடு திரும்பியபோது வீடு இருட்டாகவே கிடந்தது. மாமி வாசலைப் பார்த்தபடி கண் திறந்து கிடந்தாள். உடம்பில் சூடு இல்லை.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். மாலையிலேயே மின்சாரம் வந்துவிட்டது, வீட்டில் இருந்தவரே அதை உறுதி செய்திருக்கிறார் என்று கரண்ட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. இந்த அநியாயத்தைப் பாருங்கள் என்று கோபத்தில் அதைக் கப்பலில் இருந்த புருஷன் செபாஸ்டினுக்கு அனுப்பிவைத்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"கரண்ட் இருந்துமா எங்கம்மா மூச்சு முட்டிச் செத்தா? நீ எங்க போயித் தொலைஞ்ச?" என்று கேட்டவன், அதற்குப் பிறகு பேசவேயில்லை.

காசு அவளுக்குப் பெரிதில்லை. அன்றைக்குக் கரண்ட் வரவில்லை என்று அவர்கள் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அது அவன் காதில் விழவேண்டும். அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

தூத்துக்குடியில் இன்றைய விசாரணைக்கு லைன்மேன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மறைக்காமல்தான் சொன்னான்.

"போஸ்ட்ல பியூஸப் போட்டுட்டு, தெருவுல நின்னு 'வந்துட்டா?'ன்னு சத்தம் குடுத்தேன் சார். உள்ள இருந்து 'வந்துட்டா'ன்னு ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு. சரி வந்துட்டுபோலன்னு போயிட்டேன்."

அது யார் குரல் என்று கிளாடிஸுக்குப் புரிந்துவிட்டது. மாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஆள் அரவம் கேட்டால் போதும், கிளாடிஸ்தான் வருகிறாள் என்று நினைத்து, கட்டிலில் கிடந்தபடியே சுவரில் இருந்த மாதா படத்திடம் "வந்துட்டா தாயே" என்று சொல்லிக்கொள்வாள். மாதாவுக்கு என் அட்டெண்டன்ஸைக் குடுக்கீங்களா என்று கிளாடிஸ்கூடக் கேலி செய்திருக்கிறாள்.

"சார், கரண்ட் வந்திருந்தா 'வந்துட்டு'ன்னுல்லா சொல்லுவாங்க? 'வந்துட்டா'ன்னா அது என்னையச் சொன்னது. நான் வந்துட்டேன்னு நெனச்சிச் சொல்லிருக்காங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இலக்கணம் எல்லாம் இங்க வேண்டாம்மா. கேட்டாரு, பதில் வந்திருக்கு. அவ்வளவுதான்."

மனு தள்ளுபடி.

இப்போது வாசலில் நின்றபடி புகார் எண்ணை அழுத்திப் பதிவு செய்தாள். வீட்டுக்குள் தனியாகப் போக மனம் வரவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அடைபட்ட வீட்டின் புழுக்கம் வந்தது. அதோடு யூக்கலிப்டஸ் தைல வாசனையும். மாமி நெஞ்சில் தேய்த்துக்கொள்வது. அந்தப் பாட்டிலை அடக்கத்துக்கு மறுநாளே தூக்கிப் போட்டாயிற்று.

காற்றில் வருகிற பழைய வாசனையாக இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து முக்கில் பைக் வந்து நின்றது. மதில் மறைத்ததால் ஆள் தெரியவில்லை. போஸ்டில் ஏதோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பேச்சிமுத்துவின் குரல்.

"அக்கா, வந்துட்டா?"

கிளாடிஸ் திரும்பிப் பார்த்தாள். வீடு இருட்டாகவே இருந்தது. வரலை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வந்துட்டா."

அவள் சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற ஒரு குரல்.

பைக் கிளம்பிவிட்டது. "வரல தம்பி, வரல" என்று அவள் கத்தியது பைக் சத்தத்தில் கரைந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் கையில் செல்போன் அதிர்ந்தது. தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. நுகர்வோர் உறுதி செய்துள்ளார்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது வாயில் தண்ணீர் ஊற்றியதிலிருந்து பீத்துணி அலசியது வரை அவள்தான். அந்த ஒற்றைச் சொல்லால் புருஷன் போனான், மானம் போனது. செத்தும் அதையேவா சொல்ல வேண்டும்?

செல்போன் வெளிச்சத்தில் விறுவிறுவென்று உள்ளே போனாள். மாமியின் அறை. கட்டிலில் மெத்தை இல்லை. மிஷின் இருந்த மூலை காலி. அதைக் கோவில் மூலம் வேறொரு வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது.

ஒருவர் உட்கார இடம் விட்டு ஒதுங்குகிற மாதிரி.

வாட்ஸப்பில் செபாஸ்டினைத் தேடி எடுத்து, குரல் பதிவை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமா மாமி, நான் வந்துட்டேன். கரண்ட்தான் வரல. அன்னைக்கும் வரல. அத ஒரு தடவ உங்க மவன்கிட்டச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

காத்திருந்தாள். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. வேறெந்தச் சத்தமும் இல்லை. விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் நீலக் குறி விழுந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவனிடமிருந்து பதில்.

"பக்கத்துல யாரு?"

அவளுக்குப் புரியவில்லை. தான் அனுப்பியதைத் தானே போட்டுக் கேட்டாள். தன் குரல். பிறகு கடல் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு மேல், செல்போனுக்கு மிக அருகில் வாயை வைத்துப் பேசியது போல,

"வரல மக்கா. கரண்டு வரல."

ஒரு நீளமான மூச்சு.

"இவதான் வந்துட்டா. இனி அனுப்பமாட்டேன்."

திரையில் செபாஸ்டினின் அடுத்த செய்தி வந்து விழுந்தது. "நம்புதேன் கிளாடிஸ். நீ வெளிய வா."

எத்தனையோ நாளாக அவள் தவமிருந்து காத்திருந்த சொல் அது. அதை இன்னொரு தடவை வாசிக்கக்கூட அவளால் முடியவில்லை. அவள் திறந்து வைத்துவிட்டு வந்த வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொள்வது கேட்டது.

பிறகு உள்கொண்டி விழுந்தது.