மாமா சுழற்றிய விரல்

பயம் என்ற சொல்லே மாமாவின் அகராதியில் கிடையாது. இந்தச் செய்தியை ஊருக்கெல்லாம் சொன்னவர் மாமாவேதான். அலுவலகம் அலுவலகமாகப் போய், 'அச்சத்தை வெல்ல ஏழு படிகள்' என்று வகுப்பு எடுப்பது அவர் தொழில். வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் மட்டும் அத்தையைக் கூப்பிடுவார்.

அப்படிப்பட்ட மாமா, ஜெட் படகில் அருவிக்குப் போகலாம் என்றதும் பட்டாணிக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பிலேயே குட்டி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். போன வருடம் உயரம் போதாது என்று படகுத்துறையிலிருந்தே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் அளவுக்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். அருவியைப் பார்க்காமல் வீடு திரும்புவதாக இல்லை.

அத்தைக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. பைகளோடு கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்புவதற்கு முன், படகு ஓட்டும் அக்கா எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். இயந்திரம் போடும் சத்தத்தில் பேச்சு காதில் விழாது, அதனால் கைச்சாடைதான் என்றார். உள்ளங்கையை உயர்த்தினால், நிறுத்து. விரலைச் சுழற்றினால், படகை ஒரு சுற்றுச் சுற்று.

பட்டாணி இரண்டையும் செய்து பார்த்துக்கொண்டாள். மாமா அந்த நேரத்தில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி, அத்தையிடம் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் முன் வரிசை கிடைத்தது. படகு பாய்ந்தது. முதல் வளைவில் மாமா சிரித்தார். இரண்டாவது வளைவில் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது வளைவில், பாறையை உரசாத குறையாகப் படகு போனபோது, கழன்று விழுந்தது. காற்று தன் சடையைப் பிடித்து இழுப்பதாகப் பட்டாணி நினைத்தாள்.

'வந்த வழியே திருப்பு' என்று சொல்வதற்காக மாமா விரலைத் தூக்கிச் சுழற்றினார்.

அக்கா கட்டைவிரலைக் காட்டினார். படகு பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் சுவர்போல எழும்பி எல்லோர் தலையிலும் கொட்டியது. பின் வரிசை கைதட்டியது.

மாமா பதறிப்போய் இன்னும் வேகமாகச் சுழற்றினார். அக்காவும் இன்னும் வேகமாகச் சுற்றினார்.

பட்டாணி மாமாவைப் பார்த்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் வெளுத்திருந்தன. ஏழு படிகளில் ஒன்றுகூட மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் விரல் மட்டும் மூன்றாவது முறையாக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாமாவுக்குப் பயம் என்று சொன்னால், படகு கரை சேருவதற்குள் அவர் மானம் கப்பலேறிவிடும். சொல்லாமல் விட்டால் இன்னொரு சுற்று நிச்சயம். திரும்பிப் போகச் சொன்னாலோ அருவி கிடையாது. அதோ, மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகைபோலச் சாரல் தெரிகிறது.

மாமாவின் விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தன் உள்ளங்கையை உயர்த்தினாள்.

படகு நின்றது. என்ன ஆச்சு என்று அக்கா திரும்பிப் பார்த்தார்.

"எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு அக்கா. சுத்தாம, மெதுவாவே அருவிக்குப் போகலாமா?"

"அதுக்கென்ன பாப்பா, தாராளமா போகலாம். இவர் கேட்டுக்கிட்டே இருந்தாரேன்னுதான் சுத்தினேன்."

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "ஆமாம்மா, சின்னப் பொண்ணு பாருங்க," என்றார். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"மாமா, என் கையைப் பிடிச்சுக்கோங்க. எனக்குத் தைரியமா இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார்.

படகு மெல்ல ஊர்ந்து கடைசி வளைவைத் தாண்டியது. மலை உச்சியிலிருந்து அருவி மொத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் பட்டாணியின் முகத்தில், இமைகளில், நீட்டிய நாக்கில் விழுந்தது. பக்கத்தில் மாமா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அது அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கரையில் கால் வைத்ததும் மாமாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. பாவம், குழந்தை ரொம்பப் பயந்துவிட்டாள் என்றும், நல்லவேளையாகத் தான் பக்கத்தில் இருந்ததாகவும் அத்தையிடம் சொன்னார். பட்டாணி மறுக்கவில்லை. அருவி இன்னும் அவள் சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

படகின் முன்னால் ஒரு கேமரா இருந்தது. சுற்றும்போது அது தானாகவே படம் எடுத்துவிடும். டிக்கெட் கொடுப்பவர் ஒரு பிரதியை அத்தையிடம் நீட்டினார்.

படத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் பட்டாணியின் சடை இருந்தது.