ஏழாம் பக்கம் தமிழில்

"என் தங்கச்சிய நானே கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும் சார்."

ஜோகுபாளையத்து மாடி அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் தீபிகா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பக்கத்தில் அவள் அம்மா மரகதம். துப்பறிவாளர் எத்திராஜ் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "மெதுவாச் சொல்லும்மா" என்றார். அவருடைய உதவியாளர் சௌம்யாவோ அதற்குள் நோட்டைப் பிரித்து, குற்றவாளியின் பெயருக்கு இடம் விட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு எதிலும் அப்படி ஓர் அவசரம்.

வீடு மர்பி டவுனில். தீபிகாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அழகுப் பொருள் கம்பெனியில் வேலை. தயாரிப்பாளர்களிடம் சரக்கு எடுக்கும் முன் அவர்கள் தரும் பாதுகாப்புத் தாளைப் படித்து, என்னென்ன கலந்திருக்கிறது, யாருக்கு ஆகாது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள்தான்.

தங்கை சோனியாவுக்கு வேர்க்கடலை ஆகாது. வாயில் பட்டாலே தொண்டை அடைத்துவிடும். அந்த வீட்டில் இருபது வருஷமாகக் கடலை வாங்கியதில்லை. 'கொட்டை வகை எதுவும் சேராதது' என்று டப்பாவில் போட்டிருந்த லிப் பாமை அக்காதான் தன் கம்பெனியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு சோதித்துப் பார்த்தால், டப்பாவில் கடலை எண்ணெய்.

"தாள்ல கடலைன்னு ஒரு எழுத்துகூட இல்ல சார். மூணு வாட்டி படிச்சேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்கூடப் படிச்சேன்."

எத்திராஜ் தாளை வாங்கிப் புரட்டினார். ஆறு பக்கம் ஆங்கிலம். ஏழாவது, லோடு ஏற்றுபவர்களுக்காகத் தமிழில். அந்தப் பக்கத்தில் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"இது யார் யார் கை மாறி வந்துச்சு?"

"ஓசூர் ஃபேக்டரி மேனேஜர் கில்பர்ட், சாம்பிளோட பென் டிரைவ்ல கொண்டுவந்து எங்க ஓனர் ஹரிஷ்குமார்கிட்ட கொடுத்தார். ஓனர் எனக்கு அனுப்பினார்."

"அப்ப ரெண்டே பேர்!" என்றாள் சௌம்யா.

மறுநாள் கம்பெனியின் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"கடலைன்னு தெளிவாப் போட்டுத்தான் சார் கொடுத்தேன்" என்றார் கில்பர்ட். வியர்த்து வழிந்தது மனிதருக்கு. "தமிழ்ப் பக்கம் நானே டைப் பண்ணது. லோடு ஏத்துறது பூரா எங்க திண்டிவனத்துப் பசங்க."

"சுத்தப் பொய் சார். வந்ததை அப்படியே ஃபார்வர்ட் பண்ணேன், அவ்வளவுதான்" என்றார் ஹரிஷ்குமார்.

"கில்பர்ட்தான் சார். முழிக்கிற முழியப் பாருங்க" என்று சௌம்யா காதைக் கடித்தாள்.

எத்திராஜ் ஹரிஷ்குமாரிடம் திரும்பினார். "உங்களுக்கு மணிலா தெரியுமா சார்?"

"ஃபிலிப்பைன்ஸ்தானே? நான் போனதில்ல. ஏன் சார்?"

எத்திராஜ் ஏழாம் பக்கத்தை மரகதத்திடம் நீட்டினார். "இந்த வரியக் கொஞ்சம் படிங்கம்மா."

மரகதம் விரல் வைத்துப் படித்தாள். "மணிலா எண்ணெய் தரையில் சிந்தினால் மரத்தூள் தூவிப் பெருக்கவும்." விரல் அங்கேயே நின்றுவிட்டது. "ஐயோ! மணிலான்னா வேர்க்கடலை சார். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நானும் திண்டிவனந்தான்."

"தாள்ல இருந்த கடலையெல்லாம் ஒருத்தர் தேடித் தேடி அழிச்சிருக்கார்" என்றார் எத்திராஜ். "ஆங்கிலப் பேரு, தமிழ்ல 'வேர்க்கடலை', எல்லாம் போச்சு. இது மட்டும் தப்பிச்சிருக்கு. கில்பர்ட் அழிச்சிருந்தா, தன் கையால டைப் பண்ண சொந்த ஊர் வார்த்தைய விட்டிருப்பாரா? மணிலாவ ஊர்ப் பேருன்னு நெனைக்கிறவர்தான் விட்டிருப்பார்."

ஹரிஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "கொட்டை சேராததுன்னு லேபிளெல்லாம் அடிச்சாச்சு சார். கடலைன்னு தெரிஞ்சா தீபிகா கையெழுத்துப் போட மாட்டா. லிப் பாம்தானே, கொஞ்சூண்டு எண்ணெய் என்ன பண்ணிடும்னு..."

கொஞ்சூண்டு! பாவி மனுஷன், ஒரு பெண்ணின் உயிருக்கு அந்தக் கொஞ்சூண்டே போதுமாக இருந்தது. விட்டு வைத்திருந்த இடத்தில் சௌம்யா அவர் பெயரை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"உன் மேல தப்பில்லம்மா. உன்கிட்ட வந்ததே பொய்த் தாள்" என்றார் எத்திராஜ்.

தீபிகா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது சார். ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷுந்தான். லோடு ஏத்துறவங்களுக்குத்தானேன்னு இதை விட்டுட்டேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு வீட்டுல இதை விரிச்சு வெச்சுப் படிச்சப்ப, நீ பக்கத்துலதானம்மா இருந்த?"

அந்தத் தாளை மரகதத்திடம் கொடுத்திருக்கவே கூடாது என்று எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இருந்தேன்டி. பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன்." மரகதம் தாளை மடித்து மகளிடம் கொடுத்தாள். "தமிழ்ல ஏதோ இருக்கே, படிச்சுச் சொல்லட்டுமான்னு கேக்க வாயெடுத்தேன். ஆபீஸ் பேப்பராச்சே, நமக்கென்ன தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்டி."