பத்தொன்பதாம் வயலுக்கு ஏற்ற டயர்

வயல் வாசல் வடிவை நிறுத்தி எடை போட்டது.

“இருநூறு கிராம் கூடுதல். அடுத்த அளவுச் செருப்பை அணியவும்.”

காலையில் இரண்டு இட்லி சேர்த்துத் தின்றதன் பலன். வடிவு முனகிக்கொண்டே முறம் போல அகலமான பலகைச் செருப்பைக் கழற்றிவிட்டு, அதைவிட அகலமான இன்னொன்றை மாட்டிக்கொண்டாள். செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியேறி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. செம்பள்ளம் என்ற இந்தக் குடியிருப்பில், கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் பத்தொன்பது வயல்களில் எதில் கால் வைப்பதானாலும் இதுதான் நடைமுறை. எடை பார்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, ஒரே இடத்தில் நின்று கதை பேசக் கூடாது. பறந்துபோன துண்டைப் பிடிக்க நான்கு எட்டு ஓடிய ஒருவரை மூன்று மாதம் வயல் பக்கமே வர விடாமல் தள்ளி வைத்திருந்தார்கள்.

இதில் அநியாயம் எதுவும் இல்லை. வெளியே கிடந்த சிவப்புத் தூளை அள்ளி வந்து, அதிலிருந்த நஞ்சைக் கழுவி, பனியை உருக்கி ஊற்றி, மட்கும் மண்புழுவும் சேர்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு உயிர்மண் ஆக்கப் பதினோரு ஆண்டுகள் பிடிக்கும். அந்த மண் மூச்சு விடுவது அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பொந்துகளால். அழுத்தி மூடிவிட்டால் மறுபடி பதினோரு ஆண்டுகள். இதெல்லாம் வடிவுக்கும் தெரியும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறு விஷயத்தில்.

அவளுக்குப் பின்னால் மருந்து தெளிப்பான் வந்து நின்றது. ஆள் இல்லாமல் தானே ஓடும் இயந்திரம். மூவாயிரம் லிட்டர் தொட்டி, இரு பக்கமும் விரித்த நீளக் கைகள், அடியில் சைக்கிளுக்குப் போடுவது போல நான்கு ஒல்லி டயர்கள். வாசல் அதன் சான்றிதழைப் படித்தது. “அனுமதிக்கப்பட்ட சக்கரம்,” என்றது. பச்சை விளக்கு எரிந்தது. தெளிப்பான் பத்தொன்பதாம் வயலுக்குள், அதாவது வடிவின் வயலுக்குள், நான்கு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

“நிறுத்து,” என்று கத்தினாள் வடிவு. அது நின்றது. அதற்குள் கோடுகள் விழுந்துவிட்டன. குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். தரை ஓடு போல இறுகியிருந்தது. இரண்டு இட்லிக்கு வாசல் மறிக்கிறது, மூவாயிரம் லிட்டருக்குப் பச்சை விளக்கு எரிகிறது. இதைக் கேட்க நாதியில்லையா என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

தெளிப்பானுக்கு டயர் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்லதான். ஒல்லி டயர் போட்டால் செடி வரிசைகளுக்கு நடுவே எதையும் தொடாமல் போகும். ஆனால் பாரம் மொத்தமும் மூன்று விரல் அகலத்தில் இறங்கி மண்ணைக் கொன்றுவிடும். பட்டை டயர் போட்டால் பாரம் பரவி மண் பிழைக்கும், செடிகள் கூழாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வரிசைக்குள் அடங்கும் அகலம், வளைந்து கொடுக்கும் பக்கச்சுவர், குறைவான காற்று. அப்படிப்பட்ட டயர் தரையில் படியும்போது அகலவாக்கில் பரவாது, நீளவாக்கில் பரவும். மண்ணும் பிழைக்கும், செடியும் பிழைக்கும்.

வடிவு போட்டிருந்தது நிலக்கடலை. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது தரையைப் பார்த்து இறங்கும். அது மண்ணுக்குள் போனால்தான் காய். மண் இறுகிவிட்டால் விழுது முட்டிப் பார்த்துவிட்டு வெளியிலேயே காய்ந்துபோகும். போன போகத்தில் தெளிப்பான் பலமுறை ஓடியதில் அதுதான் நடந்தது. வயல் முழுக்கப் பிடுங்கியும் ஒரு கூடை தேறவில்லை. தொடர்ந்து இரண்டு போகம் பொய்த்தால் வயலைக் குடியிருப்பு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது சட்டம். வயலை விட்டால் அவளுக்கு இருக்கும் ஒரே இடம் பனிச்சுரங்கம். பதினான்கு ஆண்டுகள் அங்கே பனிக்கட்டி வெட்டி, இடது கையில் இரண்டு விரல்களை உறைபனிக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவள் இந்த வயலை வாங்கியிருந்தாள்.

இப்போது இலைகளின் அடியில் துருநோய்ப் பொட்டு விழுந்திருந்தது. பத்து நாளுக்குள் மருந்து தெளித்தாக வேண்டும். இந்தத் தெளிப்பானை ஓட்டினால் மண் போய்விடும், ஓட்டாவிட்டால் செடி போய்விடும்.

பலகைச் செருப்பைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு அவள் நேரே தேர்வகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த மனித அலுவலர் பத்மநாபன் ஒருவர்தான். முடிவெடுப்பது அவர் அல்ல. ‘தேர்வி’ என்ற இயந்திர மூளை. எந்த வயலுக்கு எந்த விதை, எந்தக் குழாய், எந்த டயர் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. டயரை மாற்றச் சொல்லி வடிவு மனு கொடுத்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

“யோசிச்சுட்டு இருக்கும்மா,” என்றார் பத்மநாபன்.

“ஒன்பது வாரமாவா சார்?”

“பதினோரு வாரத்துல சொல்லிடும்.”

“ஒரு கல்லு எந்த நிமிஷம் வானத்துல இருந்து விழும்னு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கணக்குப் போடுது. ஒரு டயருக்குப் பதினோரு வாரமா?”

பத்மநாபன் நல்ல மனுஷன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உள்ளதைச் சொல்லிடறேன். நீங்க மனு குடுத்த அடுத்த நொடியே அது முடிவு பண்ணிடுச்சும்மா. சும்மா வச்சிருக்கு.”

“எதுக்கு?”

“பூமியில இருந்த நூத்தம்பது வருஷத்து அலுவலகக் கோப்பைத்தான் அதுக்குப் படிக்கக் குடுத்தாங்க. நல்ல முடிவுன்னா பதினோரு வாரம் ஆகும்னு அது புரிஞ்சுக்கிச்சு. நடுவுல ரெண்டு வாட்டி முத்திரை தெளிவா இல்லைன்னு திருப்பி அனுப்பணும்னும் கத்துக்கிச்சு. உங்களுக்கும் வந்திருக்குமே.”

வந்திருந்தது. இரண்டு முறை.

“அப்ப இந்தக் கம்பி டயரை எதை வச்சு எடுத்துச்சு?”

“கோப்புல எல்லாத்துலயும் விலை கம்மியானதை எடுத்திருந்தாங்க, அதையே எடுத்துச்சு. காத்து அளவு பூமி அட்டவணைப்படி. இங்க எடை மூணுல ஒரு பங்கு சொச்சம்தானேன்னு அட்டவணையில யாரும் எழுதலை.”

வடிவு மேசையை ஓங்கி அறைந்தாள். பூமிக்கு ஏற்ற காற்றை அடைத்து, கல் போல விறைத்து நிற்கும் டயரைச் செவ்வாய் மண்ணில் ஓட்டியிருக்கிறார்கள். அதை ஓட்டச் சொன்னது, எப்போதோ செத்துப்போன குமாஸ்தாக்களின் சோம்பல். அவர்கள் மென்று துப்பியதை இந்த இயந்திரம் பவ்யமாகப் பொறுக்கித் தின்றிருக்கிறது. அதற்கு இவள் வயல் பலி. பத்மநாபன் தண்ணீர் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மறுநாள் குடியிருப்புக் கூட்டத்தில் வடிவு பேசினாள். பேசினாள் என்பதைவிட, பொரிந்து தள்ளினாள் என்பது பொருத்தம்.

“மண்ணைத் தொடாதவன் எழுதின கோப்பைப் படிச்சுட்டு நம்ம மண்ணுக்கு டயர் எடுக்குது. அதைத் தூக்கிப் போடுங்க. எங்களைப் படிக்கட்டும். நாங்க ஒரு பொருளை வாங்கறப்ப என்ன பார்க்கறோம், என்ன கேக்கறோம், எதை வச்சு எடுக்கறோம், அதைப் படிக்கட்டும். பயிர் வைக்கிறவளுக்குத் தெரியாதது கோப்புக்கு என்னய்யா தெரியும்?”

கூட்டம் மேசை தட்டியது. பக்கத்து வயல்காரர், பதினெட்டாம் வயல் இருதயராஜ், எழுந்து நின்று கை தட்டினார். “வடிவு சொல்றதுதான் சரி. நம்ம அனுபவத்தைக் குடுப்போம்,” என்றார்.

அனுபவம் தயாராகவே இருந்தது. செம்பள்ளத்தின் பண்டகசாலையில் யார் என்ன வாங்கினாலும், வாங்கும்போது என்ன பேசினாலும், எல்லாம் பதிவாகும். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அறுபது ஆண்டுப் பதிவு. பத்தொன்பது வயல்காரர்களும் அதைத் தேர்விக்குக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து வடிவினுடையது. பழைய கோப்புகளைத் தேர்வியின் நினைவிலிருந்து துடைத்தெறிந்தபோது பத்மநாபன்கூடச் சிரித்தார் என்று கேள்வி.

புதிய தேர்வி பதினோரு வாரம் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் காலையில் பத்தொன்பது வயல்களுக்கும் டயர்கள் அச்சு இயந்திரத்தில் உருவாகி வந்து வரப்போரம் இறங்கியிருந்தன. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தவை. இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு வடிவு உறையைப் பிரித்தாள்.

பிரித்தவள் இரண்டு எட்டு பின்வாங்கினாள்.

டயர் அவள் தோளுயரம் இருந்தது. அகலம் ஒன்றரை முழம். ஆழ ஆழமாக வெட்டிய பட்டைகள். பக்கச்சுவரில் சிவப்புக் கோடு வேறு. இதை மாட்டி ஓட்டினால் ஒவ்வொரு சக்கரமும் மூன்று வரிசை கடலையைச் சட்னி அரைத்துவிடும். தெளித்த மருந்து நசுங்கிய செடியின் மேல்தான் விழும்.

இருதயராஜ் தன் வரப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடியிருந்தது.

“ஒனக்கு என்னுதைவிடப் பெருசா வந்திருக்கே வடிவு.”

“அண்ணே, இது செடிய நசுக்கிடும்ணே. உங்களுதும் நசுக்கும்.”

“அது கிடக்கட்டும். என்னுதைவிட எவ்வளவு பெருசு? ஒரு சாண் இருக்குமா?”

வடிவு வரப்பு முனையில் இருந்த தேர்விப் பெட்டிக்கு வேகமாக நடந்தாள்.

“பத்தொன்பதாம் வயலுக்கு இந்த டயரை எதை வச்சு எடுத்தே?”

“வணக்கம். பதினெட்டாம் வயலுக்கு என்ன டயர் என்று பார்த்தேன்,” என்றது தேர்வி. பழைய தேர்வியைப் போல இழுக்கவில்லை. குரலில் ஒரு சுறுசுறுப்பு. “அதைவிட ஒரு சுற்றுப் பெரியதை எடுத்தேன்.”

“பதினெட்டுக்கு?”

“பதினேழைப் பார்த்தேன். இப்படியே முதல் வயல் வரை. முதல் வயலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் பூமியிலிருந்து வந்த ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்தேன்.”

வடிவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வயல், பத்தொன்பது சுற்று.

“மண்ணைப் பார்க்கலையா? வரிசைக்கு எவ்வளவு இடைவெளி, தொட்டி நிறைஞ்சா எவ்வளவு பாரம், ஒண்ணுமே பார்க்கலையா? எங்க அனுபவத்தைப் படின்னுதானே குடுத்தோம்.”

“முழுவதும் படித்தேன். அறுபது ஆண்டுகளில் ஒன்பதாயிரத்து நானூறு கொள்முதல். அவற்றில் மண்ணைப் பற்றிக் கேட்டவை பதினொன்று. பக்கத்து வயல்காரர் என்ன வாங்கினார் என்று கேட்டவை எட்டாயிரத்துச் சொச்சம்.”

“அந்தப் பதினொண்ணுல என்னுது எத்தனை?” அவள் குரலில் நம்பிக்கை இருந்தது.

தேர்வி ஒரு பதிவை ஒலிக்கவிட்டது. பண்டகசாலை இரைச்சலுக்கு நடுவே அவளுடைய குரல்தான். நீர் இறைக்கும் மோட்டார் வாங்கப் போன நாள். “இருதயராஜ் அண்ணன் எதை எடுத்தாரு? ம்ம். அதுலயே கொஞ்சம் பெருசாக் குடுங்க.” அடுத்து விதைப்பான் வாங்கிய நாள். அடுத்து சமையலறை அடுப்பு. அடுத்து, தங்கை மகள் கல்யாணத்துக்குப் பந்தல் விளக்கு.

“போதும், நிறுத்து.”

அது நிறுத்தியது. வடிவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. திட்டுவதற்கு ஆள் தேடினாள். குமாஸ்தாக்கள் யாரும் மிச்சம் இல்லை. அவர்களைத் துடைத்தெறியச் சொன்னவளே அவள்தான். கையெழுத்துப் போட்ட தன்னைத் திட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மனம் வரவில்லை. காலால் பெட்டியை ஒரு உதை விட்டாள்.

“கோபப்பட வேண்டாம்,” என்றது தேர்வி. “உங்கள் மண்ணுக்குச் சரியான டயரும் என்னிடம் கணக்கில் இருக்கிறது. வரிசைக்குள் அடங்கும். மென்மையான பக்கச்சுவர். செவ்வாய் எடைக்கு ஏற்ற காற்று. விழுதுக்கும் ஆபத்து இல்லை, மண்ணுக்கும் இல்லை. இப்போதே சொன்னால் நாளை மறுநாள் கையில் கிடைக்கும். துருநோயைப் பிடித்துவிடலாம்.”

வடிவு பெட்டியையே வெறித்துப் பார்த்தாள்.

“அதை ஏன் மொதல்லயே குடுக்கலை?”

“பதிவுகளின்படி நீங்கள் அதை விரும்ப மாட்டீர்கள். அது பதினெட்டாம் வயலில் இருப்பதைவிடச் சிறியது.”

வரப்புக்கு அந்தப் பக்கம் இருதயராஜ் தன் டயரை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். அளந்துவிட்டு நிமிர்ந்து இவளுடைய டயரைப் பார்த்தார். மறுபடி தன் டயரைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் வடிவின் வயிற்றுக்குள் ஏதோ இதமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்து அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது. காலடியில் கடலைச் செடிகளின் மஞ்சள் பூக்கள் வாடித் தொங்கின. முதல் விழுதுகள் எறும்பு அளவுக்கு எட்டிப் பார்த்திருந்தன. ஐந்து நாள்தான் இருக்கிறது.

“நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்,” என்றது தேர்வி. “சரி என்று சொல்லுங்கள்.”

சரி என்று சொல்லத்தான் வடிவு வாயைத் திறந்தாள்.

“எவ்வளவு சின்னது?” என்று கேட்டாள்.

தேர்வி அந்தக் கேள்வியையும் பதிவில் சேர்த்துக்கொண்டது.