நடையில் கிடந்த கட்டில்

பூவிழி டம்ளரை மேடைமேல் வைத்த வேகத்தில் பாதிக் காபி வெளியே சிந்தியது.

"இன்னும் என்னென்ன சொல்லியிருக்கீங்க அத்தை? ஒண்ணு விடாம சொல்லிடுங்க... நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்!"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தையல்நாயகி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"நான் யார்கிட்டம்மா என்ன சொன்னேன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க! நேத்து உங்க சின்ன புள்ள பிரான்சிலேர்ந்து இவர் ஆபீசுக்கே போன் பண்ணியிருக்காரு. 'எங்கம்மாவ கேஸ் சிலிண்டர் பக்கத்துல படுக்க வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா'ன்னு கேட்டாராம். மனுஷங்களாவாம்! ராத்திரி பூரா இவரு கண்ணை மூடல..."

தையல்நாயகி கத்தியைக் கீழே வைத்தாள். ராஜ்கமலுக்கு எப்படித் தெரிந்தது? நாலு வருஷமாக அவன் காதுக்கு எட்டாமல் அவள் காத்துவந்த விஷயமல்லவா அது!

அதற்குள் மூத்த மகன் நெடுமாறன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து சமையலறை வாசலில் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ரூம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அங்க போய் அவன்கிட்ட அழணுமா?"

"மாறா... நான் ஒண்ணும்..."

"வேணாம்மா. எதுவும் சொல்லாத."

இட்லி வைத்த தட்டு அப்படியே இருக்க, அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பூவிழியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சோடியது.

சரியாக எட்டு மணிக்கு ஹாலின் மூலையில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. சுவரோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அந்த வட்டமான கருப்பு மெஷின் தானாகவே புறப்பட்டு, சோபாவுக்கு அடியில் நுழைந்து, தரையைக் கூட்ட ஆரம்பித்தது. தையல்நாயகி அதற்கு ஆமை என்று பேர் வைத்திருந்தாள்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ராஜ்கமல் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது அது. அம்மாவுக்கு வீசிங் அதிகமாகிவிட்டது, துடைப்பத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே பார்சல் வந்து இறங்கியது. "இதுல பை எதுவும் கிடையாதும்மா, அதனால மாசாமாசம் பை வாங்கி மாத்துற தொல்லை இல்ல. உள்ள ஒரு டப்பா இருக்கும். குப்பை ரொம்புனா அப்டியே கழட்டிக் கொட்டிடு. டப்பாவ குழாயில காட்டிக் கழுவி, நல்லா காய வச்சு மாட்டு. கொட்டும்போது மட்டும் வாசலுக்குப் போய், மூக்குல துணி கட்டிக்க" என்று வீடியோவில் செய்து காட்டினான்.

முதல் நாள் அந்தக் கண்ணாடி மாதிரியான டப்பாவுக்குள் சேர்ந்த தூசியைப் பார்த்து அவள் அதிர்ந்து போனாள். முதலியார்பேட்டையில் இந்த வீட்டுக்கு வாழவந்து முப்பத்தாறு வருஷம். ஒரு நாள் தவறாமல் ரெண்டு வேளை கூட்டிய வீடு! அதில் இவ்வளவு தூசியா? கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில், அவளால் குனிய முடியாத இடத்தில் எல்லாம் போய் அது வழித்துக்கொண்டு வந்தது. தலைமுடிகூட மிச்சமில்லை. பத்துப் பதினைந்து நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. மூச்சை அடைத்துக்கொண்டு எழுந்து உட்காருவதும் குறைந்தது. பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்து செய்வது போல இருந்தது அவளுக்கு.

இன்று அந்த ஆமை சமையலறையைத் தாண்டி, பின்வாசலுக்குப் போகும் குறுகலான நடைக்குள் நுழைந்தது. அங்கேதான் அவள் கட்டில் கிடந்தது. ஒரு பக்கம் அரிசி மூட்டையும் சாமான் அலமாரியும், இன்னொரு பக்கம் கேஸ் சிலிண்டர். கட்டிலின் நாலு காலையும் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிக் கூட்டிவிட்டு அது திரும்பியது. தையல்நாயகி கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் யாரும் இல்லையே... அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்கென்று ஒரு அறை இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலோடு, நல்ல காற்றோட்டமான அறை. மில்லில் வேலை பார்த்த புருஷன் சிவப்பிரகாசம் கண்ணை மூடியதும் அந்த அறையில்தான். ஊரடங்கு வந்தபோது பூவிழி வீட்டிலிருந்தே பாடம் எடுக்க வேண்டியிருந்தது. "என் ரூம எடுத்துக்கம்மா... எனக்கு எங்க படுத்தா என்ன?" என்று வலிய வந்து கொடுத்தவள் தையல்நாயகிதான். நாலு மாசத்துக்கு என்று போட்ட கட்டில் நடையிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்த அறையில் கரும்பலகை வந்தது, சின்னச் சின்ன பெஞ்சுகள் வந்தன. சாயந்திரமானால் தெருப்பிள்ளைகள் இருபது பேர் டியூஷனுக்கு வந்தார்கள். யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போவாள். கரும்பலகை தெரியாதபடி நீலச் சுவர் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வீடியோவில் சின்னவனோடு பேசுவாள். "ஜன்னலத் தொறந்தா காத்து அப்டி வருதுப்பா" என்பாள். அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

சின்னவன் போன் செய்த பிறகு வந்த நாட்கள் நரகமாகப் போயின. நெடுமாறன் அவள் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. கடையிலேயே தின்றுவிட்டு வந்தான். பூவிழி தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க அத்தைக்கு நேர்ல ஒரு பேச்சு, போன்ல ஒரு பேச்சு" என்று சொன்னது தையல்நாயகியின் காதில் விழுந்தது. தான் சொல்லவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வாள்? சொல்லச் சொல்ல, அதுவே பொய்யாகத் தெரிந்தது அவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம் போல அந்தச் சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில் ராஜ்கமலின் முகம் தெரிந்தது.

"அண்ணன்கிட்ட எதுக்குப்பா அப்டி பேசுன? உனக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க. நான் இங்க என் ரூம்லதான் இருக்கேன், பாரு..."

"அம்மா!" அவன் குரல் உடைந்தது. "போதும்மா... அந்தச் சுவத்துக்கு முன்னாடி உட்காராத. என்னால பாக்க முடியல. ஆபீசுல வக்கான்ஸ், லீவு போட்டுட்டேன். வியாழக்கிழமை அங்க இருப்பேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் வாசலில் டாக்சி வந்து நின்றது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருகிறான். மனைவி கமீயைக்கூட அழைத்துவராமல் தனியாக வந்திருந்தான். பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக நடைக்குப் போனான். அங்கே நின்றவன் நின்றபடியே இருந்தான். கட்டில், சிலிண்டர், தலைமாட்டில் அம்மாவின் இன்ஹேலர்... கொஞ்ச நேரத்தில் அவன் தோள்கள் குலுங்கின.

"ரெண்டு வேளையும் மருந்து இழுக்கறவங்கள அரிசி மூட்ட பக்கத்துல போட்டிருக்கியேண்ணா! உனக்கு மனசே இல்லையா?"

"என்னடா நடிக்கற?" நெடுமாறன் பாய்ந்தான். "வருஷத்துக்கு ஒரு தடவ பரிசு அனுப்பிட்டா நீ நல்ல புள்ளயா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனது நானு! அம்மா சொல்ற கோளக் கேட்டுக்கிட்டு..."

"அம்மா சொன்னாங்களா? யாரு சொன்னா?"

"பின்ன வேற யாரு?" என்றாள் பூவிழி, கண்கள் சிவக்க.

ராஜ்கமல் போனை எடுத்து அண்ணன் கையில் திணித்தான்.

"பாரு! நீயே பாரு! இந்த மெஷின் கூட்டுற இடத்தையெல்லாம் படமா வரைஞ்சு எனக்கு அனுப்பும். வாங்குனது நான்... என் போன்லதான் கணக்கு இருக்கு. இதான் அம்மா ரூம். கட்டிலே இல்ல! வரிசையா பெஞ்சு காலுதான் புள்ளி புள்ளியா இருக்கு. இங்க பாரு, நடையில நாலு புள்ளி. தெனமும் அதச் சுத்திட்டுதான் வருது. என்னடா இதுன்னு ஒரு மாசம் யோசிச்சேன். அப்புறம் ஒரு நாள் அதுக்கு வழி மறிச்சு ஏதோ கெடந்திருக்கு. அதுல கேமரா இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புச்சு..."

படத்தில் கட்டிலுக்கடியில் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தெரிந்தது. வலதுகால் செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது யார் செருப்பு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பின்னால் சிலிண்டரின் சிவப்பு.

"அம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலண்ணா! நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்களுக்காக எங்கிட்ட பொய்தான் சொன்னாங்க. உன்ன விட்டுக்குடுக்காத அந்த வாயப் பாத்து கோள் சொல்றாங்கன்னு சொல்லிட்டியே!"

நெடுமாறன் போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பத்து நாளா... பத்து நாளா உன் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கலையேம்மா... ஏம்மா நீ சொல்லல?"

"சொன்னேன்டா... நீங்க நம்பல" என்றாள் தையல்நாயகி மெதுவாக.

ராஜ்கமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கெளம்பும்மா. இனிமே ஒரு நிமிஷம் நீ இங்க இருக்க வேணாம். பாஸ்போர்ட் எடுத்து, விசா வர்ற வரைக்கும் நான் எங்கயாச்சும் ரூம் பாத்து வைக்கிறேன். கமீய் உனக்காக அங்க எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கா."

"நிறுத்துடா!"

அவள் குரல் அப்படி உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மூச்சு இரைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் என்னத் தள்ளல. நானாத்தான் குடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணனையோ அண்ணியையோ பத்தி இனிமே ஒரு வார்த்த பேசுனா, நீ வந்த வண்டியிலயே திரும்பிப் போ!"

பூவிழி மாமியாரை வெறித்துப் பார்த்தாள். தன்னைத் திட்டுவாள், சாபம் விடுவாள் என்று நினைத்திருந்தாளோ என்னவோ... அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பகல் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் பெஞ்சுகளைத் தூக்கிக் கூடத்தில் போட்டார்கள். பிறகு கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜன்னலோரம் கொண்டு போனார்கள். வாசற்படியில் இடித்துக்கொண்டபோது, "பாத்துண்ணா, கை" என்று சின்னவன் சொன்னான். "ம்" என்றான் பெரியவன். அந்த ஒரு சொல்லே தையல்நாயகிக்குப் போதுமாக இருந்தது.

சாயந்திரம் காலியான நடையில் அவள் தனியாக நின்று சாமான்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம். பூவிழி வந்து நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"எதுக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்னீங்களே அத்தை... எதுக்கு?"

தையல்நாயகி அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா அதெல்லாம் இப்ப?"

"சொல்லுங்க... எனக்குத் தெரியணும்."

"ரெண்டாவது புள்ளையும் தங்காமப் போச்சு பாரு... அப்ப நீ மூணு மாசம் சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்த. சோறு இறங்கல, பேச்சு இல்ல. மாறன் பயந்து போயிட்டான். ஒரு நாள் எதுத்த வீட்டுப் புள்ள நோட்ட எடுத்துக்கிட்டு கணக்கு கேக்க வந்துது. அதுக்கு நீ சொல்லிக் குடுத்த... அது என்னமோ தப்பா சொல்லிச்சு, நீ சிரிச்ச. அன்னைக்குதான் நான் உன் சிரிப்ப மறுபடி பாத்தேன். நாலு புள்ளைங்க வந்தா இவ பொழச்சுக்குவான்னு தோணிச்சு. எடம் இல்லன்னா எப்டி வரும்?"

பூவிழி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள இல்லாதவன்னு உங்களுக்கு என்மேல வெறுப்புன்னே நெனச்சிட்டிருந்தேன். ஒரு நாள்கூட நீங்க அதப் பத்தி எங்கிட்ட வாயத் தொறந்ததில்ல... மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் மறந்துட்டாங்க. அவருகூட..."

"மறக்கறதா?"

தையல்நாயகி திரும்பினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"பெரியவன் இருந்திருந்தா இப்ப மூணாங்கிளாஸ் போவான். சின்னவளுக்கு இந்த ஆவணியில அஞ்சு முடியுதும்மா..."

"அம்மா!"

பூவிழி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அந்தக் குறுகலான இடத்தில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள். வாசலில் டியூஷன் பிள்ளைகள் வந்து, "மிஸ்... மிஸ்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.