றதித்வைதக

மதியத் தூக்கம் கலைந்து அவன் சமையலறைக்கு வந்தபோது ஃப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. உள்விளக்கு அசட்டுத்தனமாக எரிய, சாய்ந்த பால் பாக்கெட்டிலிருந்து வழிந்த வெள்ளைக் கோடு ஒன்று தரையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் திறந்து வைத்திருந்தால் அதிசயமில்லை. ஆனால் அரை நிமிடம் ஃப்ரிட்ஜைத் திறந்து யோசித்தாலே "உள்ளயே போய் உக்காந்துக்கோயேன்" என்று திட்டுகிற தங்கை, அதன் பக்கத்திலேயே முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூடினான். அவள் திரும்பவில்லை.

வாய் ஓயாது என்பதால் அவளுக்கு மைனா என்று பெயர். அந்த வாயை நம்பித்தான் அவன் ஒலித்தொடராக ஒரு விண்வெளிக் கதை எழுதி வந்தான். இயற்பியலில் இருமுறை கோட்டைவிட்டவன். ஆகவே அவனுடைய விண்கலம் பக்தியில் ஓடியது. ஒளிவட்டம், சக்கரம், கண்ணீர் மல்கும் துறவிகள் என்று எல்லா மதங்களிலிருந்தும் கைக்கு அகப்பட்டதைச் சுட்டு உள்ளே போட்டிருந்தான். கடைசிப் பகுதியில் ஒரு பெண் துறவி, கலத்தின் மூடிய கதவுக்கு முன் நின்று, தானே வாசல் என்று உணர்ந்து, மெய்மறந்து மந்திரம் சொல்ல வேண்டும். மந்திரத்துக்கு எங்கே போவது? 'கதவைத் திற' என்பதைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதினான். றதித்வைதக. ஆயிரம் வருஷப் பழசு போல இருந்தது. "இத வெச்சு ஒரு மடமே கட்டலாம்ண்ணா" என்று மைனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்று ஒலிப்பதிவு. சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது, கண்ணில் நீர் வழிந்தது, குதிகால் தரையிலிருந்து எழும்பியது. ஒலிப்பதிவாளர் போதும் என்ற பிறகும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நடிப்பு என்றால் இதுதான் என்று அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைதட்டினான்.

கூடத்தில் போன் அடித்தது. ஒலிப்பதிவாளர்தான்.

"தம்பி, அந்தக் கூட்டத்த எப்ப சேத்தீங்க?"

"எந்தக் கூட்டம் சார்? மைனா மட்டுந்தானே பேசினா."

"அவங்க கூடவே நெறய பேர் சொல்றாங்க. ரொம்ப தூரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வராங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். "சார், அது மந்திரமே இல்ல. கதவைத் திறன்னு திருப்பிப் போட்டேன். சும்மா, விளையாட்டுக்கு."



"அது சரி தம்பி. யாருக்குத் தொறக்கச் சொன்னீங்க?"

நிமிர்ந்தபோதுதான் கவனித்தான். செருப்பு அலமாரி திறந்திருந்தது. சலவை இயந்திரத்தின் மூடி, பீரோ, மைனாவின் கைப்பை, மேஜை இழுப்பறை, சீப்பருகே இருந்த பவுடர் டப்பா, தீப்பெட்டி கூட. வீட்டில் திறக்கக்கூடிய எல்லாமே திறந்து, அடக்கமாகக் காத்திருந்தது. நெடுங்காலம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுக்க வாடை சமையலறைப் பக்கமிருந்து வந்தது. கத்திச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

போனை வைத்துவிட்டுப் போனான். ஃப்ரிட்ஜ் மறுபடி திறந்திருந்தது. பலகையில் வெங்காயம் தீர்ந்துபோயிருந்தது. கத்தி வெறும் மரத்தை நறுக்கிக்கொண்டிருந்தது.

"மைனா. வெளையாடாத."

திரும்பினாள். நேற்றைய முகம். மலர்ந்த, நனைந்த, யாரையோ கண்டுவிட்ட முகம். வாடை அவள் மூச்சிலிருந்துதான் வந்தது.

"எவ்ளோ வெளிச்சம் தெரியுமாண்ணா."

கத்தி விழுந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் ஊசி போடும்போது பிடிப்பாளே, அதே பிடி. நகம் பதிந்தது. முகம் சிரித்தது.

"மூட மாட்டேங்குதுண்ணா" என்றாள்.

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

மோவாயை உள்ளங்கையால் மேலே தள்ளினான். அசையவில்லை. முழு பலத்தோடு தள்ளினான். துருவேறிய கீல் மாதிரி ஒரு சத்தம். வாய் இன்னும் அகன்றது.

அவன் திறக்க மட்டும்தான் எழுதியிருந்தான். மூட எழுதவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே நின்று 'கதவை மூடு' என்பதைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டினான்.

"டுமூவைதக."

மழலை மாதிரி இருந்தது. சிரிக்க ஆளில்லை.

"டுமூவைதக. டுமூவைதக. மூடு மைனா. தயவுசெஞ்சு மூடு."

அவள் தொண்டைக்குள் வெளிச்சம் எதுவும் இல்லை. இருட்டு. இருட்டுக்குள் முணுமுணுப்பு. பல குரல். கிட்ட.

இன்னும் கிட்ட.

நின்றது.

அவள் பிடி இறுகியது. படியேறுமுன் வாசல் நிலையைப் பற்றிக்கொள்கிற விருந்தாளியைப் போல, அவசரமே இல்லாமல், அவளுடைய கீழ்வரிசைப் பற்களின் மேல் உள்ளிருந்து நான்கு விரல்கள் வந்து படிந்தன.