துண்டுக்குள் பேசிய விலை

சாவி பூட்டுக்குள் திரும்புவதற்கு முன்னாலேயே விலை இறங்கிவிட்டது. வீடு பார்க்க வந்த பாதிவிலைக்கு அது பிடிக்கவில்லை.

"காலைல சொன்னதுலேர்ந்து ஓனர் கொஞ்சம் இறங்கி வந்துட்டாரு சார்," என்றார் வீட்டுத் தரகர், பூட்டைப் பார்த்தபடியே. முழுக்கைச் சட்டை, கசங்காத காலர், பேசும்போதுகூடப் பல் தெரியாத வாய்.

"நான் இன்னும் வாயே தொறக்கலையே தம்பி."

"தெரியும் சார்."

வாழ்நாள் முழுக்க வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவர் வீடு பார்க்க வந்த பெரியவர். யார் என்ன விலை சொன்னாலும், காது அதை முழுதாக வாங்குவதற்குள் வாய் அதில் பாதியைச் சொல்லிவிடும். மருத்துவர் ரத்த அழுத்தம் இவ்வளவு என்று சொன்னபோதுகூட, "பாதியாப் போட்டுக்குங்க டாக்டர்" என்றவர். அதனால் சந்தையில் அவருக்குப் பாதிவிலை என்றே பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவருக்குக் கேட்காமல் இறங்குகிற விலை என்றால் ஒரே அர்த்தம்தான். மூட்டைக்கு அடியில் ஏதோ புழுத்திருக்கிறது. மேல்சரக்கை ஒதுக்கிவிட்டுக் கையை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும்.

வாசல்படியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. நல்ல தோல். அதன்மேல் தூசி பூனை முடிபோலப் படிந்திருந்தது. இரண்டும் வீட்டைப் பார்த்தபடி இருந்தன.

"ஓனரோடதா?"

"இல்ல சார். இதுக்கு முன்னாடி வீடு பாக்க வந்தவரோடது."

"வெறுங்கால்லயா திரும்பிப் போனாரு?"

தரகர் அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பாதிவிலை தன் செருப்பைக் கழற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

உள்ளே போனதும் அவர் மூக்கு வேலையைத் தொடங்கியது. கண்ணை நம்பி அவர் எந்தச் சரக்கையும் வாங்கியதில்லை. ஈரம் கோத்த வத்தலையும், போன வருஷத்துச் சரக்கைப் புதுசோடு கலந்த மூட்டையையும் நாலடி தள்ளி நின்றே மூக்கு சொல்லிவிடும். பூட்டியே கிடந்த வீடு என்றால் பல்லி எச்சம், பழைய சுண்ணாம்பு, மக்கிய காகிதம், எப்போதோ தாளித்த எண்ணெய் என்று ஒரு கலவை முகத்தில் அடிக்க வேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. சுவரை முகர்ந்தார். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரத்துக்குள் மூக்கை வைத்ததுபோல இருந்தது. மேற்கு ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் வற்றிக்கொண்டிருக்க, கூடத்தின் கடைசியில் ஒரே ஓர் அறை மட்டும் சாத்தியிருந்தது.

"ஓனர் உள்ளதான் இருக்காரு," என்றார் தரகர். "வெளிய வரமாட்டாரு. பேச வேண்டியத எங்கிட்ட சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்."

மாடியறைதான் அவரைக் கவிழ்த்தது. சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், சுவரில் முன்பு யாரோ ஒட்டிப் பிய்த்த நட்சத்திரங்களின் தடம். வெளிநாட்டில் தனியாக ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் ஓடுகிற மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பது ஒன்றுதான்: "வந்தா எங்க தங்கறதுப்பா? மிளகாய் மூட்டை மேலயா?" மனைவி போனபின் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கிடங்குக்கு மேலே ஒற்றை அறையில் அவர் படுத்து எழுகிறார். போன முறை வந்தபோது பேத்தி தும்மித் தும்மி, கண்ணெல்லாம் சிவந்து, விடிவதற்குள் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. இரவில் கிடங்கில் மூட்டைகள் சரிந்து உட்காரும் சத்தம் கேட்கும். ஆள் யாரோ இருப்பதுபோல இருக்கும் என்பதால் அந்தச் சத்தத்தை அவர் விரும்பத் தொடங்கியிருந்தார்.

இந்த அறையில் பேத்தி தூங்குவாள். தும்மாமல்.

ஆனால் பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்டினால் அவர் பாதிவிலை இல்லையே. கீழே இறங்கி வந்து குறை சொல்ல ஆரம்பித்தார். தளம் ஒருபக்கம் வாட்டம். கூரையில் ஈரம். குழாயில் துரு. தரகர் ஒவ்வொரு முறையும் சாத்திய கதவருகே போய், நெற்றி மரத்தில் படும்படி சாய்ந்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "குறைக்க மாட்டாராம்."

சரி, சரக்கைக் குறை சொல்லி விலை இறங்கவில்லை என்றால் அடுத்த வழி, வாங்குகிறவன் தன்னையே குறை சொல்வது. வியாபாரத்தில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை.

"என்னை மாதிரி ஒண்டிக்கட்டைக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு தம்பி? பெருக்கறதுக்கே ஆயுசு போயிரும்."

தரகர் கதவருகே போனார். இந்த முறை அதிக நேரம் நின்றார். திரும்பி வந்து ஒரு விலை சொன்னார். பாதிவிலையின் புருவம் அவரைக் கேட்காமலே ஏறியது.

"வீட்டம்மா?" என்று கேட்டார் தரகர்.

"போய்ச் சேந்துட்டா."

கதவு. நெற்றி. இன்னும் இறங்கியது.

"அண்ணன் தம்பி, பங்காளிங்க?"

"மூஞ்சியில முழிக்கறதில்ல. சொத்துத் தகராறு."

இறங்கியது.

"இன்னைக்கு இங்க வந்திருக்கறது யாருக்காவது தெரியுமா சார்?"

யாருக்கும் தெரியாது. விலை படிகிறவரை வாயைத் திறப்பவன் வியாபாரியே இல்லை; அடுத்தவன் காதில் விழுந்தால் ஏற்றிவிடுவான். கணக்குப்பிள்ளையிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றார். மகளிடம்கூட மூச்சு விடவில்லை; பத்திரம் முடிந்ததும் சாவியைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று இருந்தார். "தெரியாது," என்றார். வெறும் கூடத்தில் அந்தச் சொல் எதிலும் மோதாமல் போய்க்கொண்டே இருந்தது. இதுவரை சொன்னதெல்லாம் விலைக்காகச் சொன்னது. ஆனால் ஒன்றுகூடப் பொய் இல்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பிள்ளைங்க?"

சட்டைப் பையில் கைபேசி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. இன்று ஞாயிறு. அவள் கூப்பிடுகிற நேரம்தான்.

ஒரு பொய். மாடியறைக்காக. அவளுக்காகத்தானே.

"இல்ல," என்றார். "யாரும் இல்ல."

சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ எழுந்து நின்றது. நாற்காலி நகர்ந்த சத்தம் இல்லை. பாரமான மூட்டை ஒன்று, தானாக நிமிர்ந்ததுபோல.

தரகர் போகவில்லை. அவர் போகத் தேவையில்லாததுபோல நின்ற இடத்திலேயே சொன்னார்: "பாதிக்கு ஒத்துக்கறாரு சார்."

பாதி. அவர் இன்னும் கேட்கவே இல்லை. நாக்கின் நுனியில் இருந்ததை யாரோ எட்டி எடுத்துக்கொண்டார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. பாதியைக் கேட்காமலே தருகிறவன் அதற்குக் கீழேயும் வருவான் என்று வாய் சொன்னது. அவருக்கு என்றைக்கும் வாய் சொல்வதுதான் சட்டம்.

"இன்னும் பாக்கலாம்," என்றார்.

"அப்ப நீங்களே நேரடியாப் பேசிக்குங்க. ஓனரும் பழைய வியாபாரக் குடும்பம். துண்டுல பேசலாம்கறாரு."

பாதிவிலைக்குச் சிரிப்பு வந்தது. துண்டா! மொத்தச் சந்தையில் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது விலை வெளியே தெரியாமல் இருக்கச் செய்கிற வேலை அது. ஒரு துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் விற்பவரும் வாங்குபவரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அது விலை. சம்மதம் என்றால் உள்ளங்கையில் ஓர் அழுத்து. வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: விலை படியாமல் கையை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தவனோடு சந்தையில் அப்புறம் யாரும் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் அவரை வென்றவர் யாரும் கிடையாது.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. வெளிச்சம் குறைந்த இருட்டு இல்லை. அடுக்கி வைத்த இருட்டு. தரகர் சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, மடிப்புக் கலைத்து, திறந்த இடைவெளியில் விரித்துப் பிடித்தார்.

பாதிவிலை வலது கையை உள்ளே விட்டார்.

வெதுவெதுப்பான ஒரு கை அதைப் பிடித்தது.

அவர் எதிர்பார்த்தது குளிர்ச்சியை. இது மெத்தென்று, ஈரமில்லாமல், நெடுநாள் பழகியதுபோல விரல் இடுக்குகளில் வந்து பொருந்தியது. கடைசியாக அவர் கையை ஒருவர் இப்படிப் பிடித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதற்குப் பிறகு சில்லறை வாங்கும் கைகள்தான், மேலே படாமல் வாங்கிக்கொண்டு போகிற கைகள். ஒரு நிமிஷம் அவர் விலையை மறந்து, அந்தக் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சுதாரித்து, அதன் மூன்று விரலைப் பிடித்தார்.

அது ஒரு விரலை உருவிக்கொண்டது. இரண்டு.

விற்பவன் குறைக்கிறான்.

அது இன்னொன்றையும் உருவிக்கொண்டது. ஒன்று.

பிறகு அந்த ஒன்றையும் மடக்கியது. அவர் பிடியில் இருந்தது மூடிய முஷ்டி. சும்மா. விலையே இல்லை.

சும்மா கிடைக்கிற சரக்கு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் வத்தலோடு புரண்ட உடம்பு முழுக்க அதைச் சொன்னது. அப்போதுதான் வாடை வந்தது. கதவிடுக்கிலிருந்து. மூட்டை அடியில் புழுத்த வாடை இல்லை. வியர்வை. பழைய தோல் செருப்பு. தலையெண்ணெய். பல வருஷங்களின் பல ஆண்கள்.

"வேண்டாம் தம்பி. எனக்கு வீடு வேண்டாம்."

"கைய எடுக்கக் கூடாதே சார்."

இழுத்தார். கை வரவில்லை. முஷ்டி விரிந்து, இப்போது அது அவர் விரல்களைப் பிடித்தது. வாங்குகிறவன் பிடிப்பதுபோல. இன்னொரு கை மணிக்கட்டைச் சுற்றியது. இன்னொன்று முழங்கைக்கு மேல். இடது கையால் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டார். விட்டால் உள்ளே.

கைபேசி அடித்தது.

நெஞ்சுக்கு மேலேயே. வெளிச்சம் சட்டைத் துணி வழியாகத் தெரிந்தது. அவர் கை இரண்டும் அவரிடம் இல்லை. தரகர் மரியாதையாக விரல் நுனியால் அதை எடுத்துத் திரையைப் பார்த்தார்.

"பொண்ணுன்னு போட்டிருக்கே," என்றார். "இல்லைன்னு சொன்னீங்களே சார். பொய் சொல்லிக் குறைச்ச விலையா?" வருத்தமாக உச்சுக் கொட்டினார். "அப்ப மிச்சத்த ஓனர் கேப்பாரே."

துண்டுக்கு மேலாக, கைபேசியை இருட்டுக்குள் நீட்டினார். அது உள்ளே போயிற்று. அடிப்பது நின்றது.

"அப்பா? எங்க இருக்க, ஏன் இப்படி எதிரொலிக்குது?"

கத்துவதற்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

குரல் உள்ளே இருந்தது.

"புது வீட்ல கண்ணு," என்றது அவர் குரல், இருட்டுக்குள்ளிருந்து. கரகரப்பு, இழுவை, நடுவில் ஒரு செருமல். எல்லாம் அவருடையது. "பேசி முடிச்சாச்சு."

"நிஜமாவா! சொல்லவே இல்ல பாத்தியா! எவ்வளவுக்கு? பாதிக்கா?"

அவர் சிரிப்பை அது சிரித்தது. "பாதிகூட இல்ல கண்ணு. மாடில உங்களுக்குன்னு ஒரு ரூம். மரம் தெரியும். எப்ப வர்றீங்க?"

"லீவு விட்டதும் வந்துடறோம்ப்பா. நானும் குட்டியும்."

"வாங்க. செருப்ப வாசல்ல விட்டுட்டு நேரா உள்ள வந்துருங்க."

வெளிச்சம் அணைந்தது. தரகர் துண்டின் ஓரத்தைச் சரிசெய்தார். நிலையைப் பிடித்திருந்த இடது கையில் நகங்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

துண்டுக்கு அடியில் அந்த வெதுவெதுப்பான கை, விலையைப் புதிதாகச் சொல்லத் தொடங்கியது.

அவர் கட்டைவிரலைப் பிடித்தது. இறுக்கமாக.

ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

பிறகு நடுவில் இருந்த இரண்டையும் விட்டுவிட்டு, தடவித் தேடி, சுண்டுவிரலை எடுத்தது. மெதுவாக. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் பிடிப்பதுபோல, அவ்வளவு மெதுவாக.

உள்ளங்கையில் ஓர் அழுத்து.