மேற்கு ஏற்றத்தில் சூடாகாத வண்டி

ஆர்வில் ஹால்வர்சன் உட்கார மறுத்தார். ஐரீன் டுஷார்மின் அலுவலகம் டயர் கடையின் பின்கட்டில் ஒரே ஓர் அறை. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அந்த நாலு எட்டையே போவதும் வருவதுமாக அளந்துகொண்டிருந்தார் மனிதர். கையிலிருந்த சாவிக்கொத்து ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

"என் பையன் என் வண்டியைக் கொல்றான், ஐரீன். அதுக்கு எனக்கு அத்தாட்சி வேணும்."

ஐரீன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். லாரி தானாகக் கெட்டதா, யாராவது கெடுத்தார்களா என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்குக் கண்டுபிடித்துச் சொல்லியே தலை நரைத்தவர் அவர். இப்போது சொந்தமாக அதே வேலை. கதவோரம் நின்ற லாய்டு பெக் டயர் கடைக்காரர். யார் வீட்டில் எது காணாமல் போனாலும் திருடன் பெயரை முதலில் சொல்கிற ஆள். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

ஆர்வில் சொன்ன விவரம் இதுதான். கோல்டர் கணவாயில் நின்றுபோகிற கனரக லாரிகளை இழுத்து வர அவரிடம் ஒரு பெரிய இழுவை வண்டி இருக்கிறது. அவர் ஓட்டினால் அது சாது. அண்ணன் மகன் பிரென்ட் ஓட்டினாலும் சாது. மகன் நீல் ஓட்டினால் மட்டும் பாதி மலையில் கியர்பெட்டி கொதித்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுக்கப் போன வண்டியே வழியில் நின்றுவிடுகிறது. இது மூன்றாவது தடவை. கியர்பெட்டியைப் பிரித்து மாற்றியாகிவிட்டது, ஆயிலைக் குளிர்விக்கப் பெரிய கூலரும் வைத்தாகிவிட்டது. இன்னொரு தடவை சாலையை மறித்தால் இழுவைக்குக் கூப்பிடும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று நெடுஞ்சாலைப் போலீஸ் சொல்லிவிட்டது.

"வெறுப்புல மிதிச்சு மிதிச்சு ஓட்டுறான். சனிக்கிழமை சாவியை பிரென்ட் கையில குடுக்கப் போறேன். நீல் வேற ஊர் பாத்துக்கட்டும்."

"எந்த இடத்துல சூடாகுது?"

"கிழக்கு ஏத்தத்துல. பாதிக்கு மேல. எப்பவும் அதே இடம்தான்."

"மேற்குப் பக்கம் இன்னும் செங்குத்தாச்சே. அங்க?"

"அங்க ஆனதில்ல." ஆர்வில் எரிச்சலோடு நின்றார். "எங்க ஆனா என்ன? வண்டி ஓட்டத் தெரியலன்னா தெரியல. என் வீட்டு வராந்தாவுல உக்காந்தா ரோட்டுல எவன் எப்படி ஏறுறான்னு காதாலயே சொல்லிடுவேன். இவன் சத்தம் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்."

அவர் போனதும் லாய்டு கதவைச் சாத்தினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? நீல் போனா யாருக்கு லாபம்? பிரென்டுக்கு! நீல் வண்டி எடுக்கிற அன்னிக்கு ஆயில் போற குழாயைத் திருகிக் கழட்டி அடைச்சு விட்டுடுறான். ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. அந்தப் பய வாயே திறக்க மாட்டான், கவனிச்சிருக்கீங்களா?"

"நீங்க திறந்துகிட்டே இருக்கீங்களே, லாய்டு, அதுக்காக உங்களைச் சந்தேகப்பட முடியுமா?" என்றார் ஐரீன்.

ஆனாலும் அவர் பிரென்டை விட்டுவிடவில்லை. அன்று மதியம் ஹால்வர்சன் கொட்டகைக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்து, கூலருக்குப் போகும் குழாய்களின் இணைப்புகளிலெல்லாம் வெள்ளைச் சாயக்கோடு போட்டார். எவனாவது திருகினால் கோடு உடைந்துவிடும். பிறகு அளவுக் கம்பியை உருவி ஆயிலை முகர்ந்தார். கருகின ரொட்டி வாடை. ஆனால் ஆயில் அளவு சரி, கூலரின் காற்றுச் சந்துகள் சுத்தம், விசிறியிலும் கோளாறில்லை.

மறுநாள் காலை நீல் வந்தான். முப்பது வயது. குனிந்த தலையோடு பேசுகிறவன். சரளை ஏற்றிய ஒரு லாரியைப் பின்னால் கட்டச் சொல்லி, ஐரீன் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் மிதிச்சு ஓட்டுறேன்னு அப்பா சொல்லியிருப்பாரே?"

"சொன்னார். நீ எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டு."

முதல் பாதி ஏற்றம் நன்றாகவே போனது. கீழ் கியரில் எஞ்சின் உரக்கப் பாடியது. வெப்பமானியின் ஊசி இடம் பெயரவில்லை. பாதி மலையில் சேடில் வளைவு என்கிற திருப்பம் வந்தது. நீல் ஒரு கணம் இடதுபக்கம் மேலே பார்த்தான். அங்கே பைன் மரங்களுக்கிடையில் ஒரு பச்சைத் தகரக் கூரை. அவன் கால் தானாகத் தளர்ந்தது, கை மேல் கியருக்குப் போனது. எஞ்சினின் பாட்டு முணுமுணுப்பாகிவிட்டது. வண்டி அத்தனை மெதுவாக ஊர்ந்தது. முன்னால் மூடியில்லாமல் வைத்திருந்த ஐரீனின் காப்பியில் அலைகூட எழவில்லை. அவர் காப்பியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியாக ஊசியைப் பார்த்தார். ஊசி ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த வளைவுக்குள் விளக்கு எரிந்துவிட்டது.

நீல் ஓரமாக நிறுத்தினான். "பாத்தீங்களா? நான் ஒண்ணுமே பண்ணல. சத்தியமா ஒண்ணுமே பண்ணல. இந்த வண்டிக்கே என்னைப் பிடிக்கல."

ஐரீனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஒரு சோதனை பாக்கி இருக்கையில் ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை.

அடுத்த நாள் காலை லாய்டுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆர்விலை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பன்றிக்கறியும் முட்டையும் வாங்கிக் கொடுத்து, தான் வரும்வரை எழுந்திருக்க விடக்கூடாது. பேசியே ஆளை உட்கார வைக்கும் வேலையை ஊரில் வேறு யாருக்குக் கொடுப்பது? பிறகு நீலுடன் அதே வண்டியில், அதே சரளை லாரியோடு, அதே ஏற்றத்தில் கிளம்பினார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் போகிறபோக்கில் சொன்னார்: "உங்கப்பா வீட்டுல இல்ல. டவுன்ல லாய்டுகிட்ட மாட்டிக்கிட்டிருக்கார்."

நீல் சிரித்தான். கால் தளரவில்லை. பச்சைக் கூரை வந்தது, போனது. எஞ்சின் மலையே அதிரக் கத்தியது. காப்பி பாதி ஐரீனின் மடியில் கொட்டியது. ஊசி அசையவே இல்லை. கணவாய் உச்சிவரை அசையவில்லை.

மாலையில் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். ஆர்வில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிரென்ட் தூணில் சாய்ந்திருந்தான். லாய்டு அவனையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல பிரென்ட்," என்றார் ஐரீன். "நான் போட்ட கோடு ஒண்ணுகூட உடையல. முந்தாநாள்ல இருந்து குழாயை யாரும் தொடல. ஆனா நேத்து வண்டி சூடாச்சு. அதனால அவன் இல்ல."

"ரொம்ப நன்றி," என்றான் பிரென்ட். வாயே திறக்காதவன் லாய்டைப் பார்த்துத் திறந்தான். "டயர்க்காரரே, இனிமேயாவது என்னை அப்படிப் பாக்காதீங்க, பயமா இருக்கு."

"அப்போ நீல்தான்!" என்றார் ஆர்வில். "நான் சொல்லல?"

"நீலேதான். ஆனா மிதிச்சதால இல்ல, மிதிக்காததால." ஐரீன் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கியர்பெட்டியில எஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது ஆயில்தான். வண்டி போதுமான வேகத்துல போனா உள்ள ஒரு பூட்டு விழுந்துடும், ஆயிலுக்கு வேலை குறையும். பாரத்தோட ஏத்தத்துல மெதுவா ஊர்ந்தா பூட்டு விலகிடும். மோர் கடையற மாதிரி ஆயிலைக் கடைஞ்சுகிட்டே இருக்கும். கொதிக்காம என்ன பண்ணும்? எஞ்சின் மெதுவா சுத்தினா விசிறியும் மெதுவாத்தான் சுத்தும். கீழ் கியர்ல போட்டு, சத்தம் வந்தா வரட்டும்னு ஏறணும். நீங்க அப்படித்தான் ஏறுறீங்க. பிரென்டும் அப்படித்தான்."

"அது தெரியாதா இவனுக்கு? நான்தானே சொல்லிக் குடுத்தேன்!"

"நல்லாவே தெரியும். மலையடிவாரத்துல இருந்து சேடில் வளைவு வரைக்கும் உங்களைவிட நல்லா ஓட்டுறான். மேற்குப் பக்கமும் அப்படித்தான், அதான் அங்க சூடாகல. ஒரே ஒரு இடத்துல மட்டும் பூனை மாதிரி போறான். அந்த இடத்துக்கு மேல யார் வீடு இருக்கு, ஆர்வில்?"

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

"நேத்து நீங்க வராந்தாவுல இருந்தீங்க, வண்டி கொதிச்சுது. இன்னிக்கு நீங்க டவுன்ல இருந்தீங்க. அவனுக்கும் அது தெரியும். கொதிக்கல. வண்டியில வேற எதையும் நான் மாத்தல."

நீல் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். "எஞ்சின் கத்தினா வராந்தாவுல இருந்தே வண்டி ரேடியோவுல கூப்பிடுவீங்க, அப்பா. பின்னால கட்டியிருக்கிற லாரிக்காரன் பக்கத்துலயே உக்காந்திருப்பான். அவன் முன்னாலயே என்னைத் திட்டுவீங்க. மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொல்லுவீங்க. அந்த வளைவு வந்தா என் கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"பிரென்டைத் திட்டினதே இல்லியா நீங்க?" என்று லாய்டு கேட்டார். வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

ஆர்வில் வாய் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. நெடுஞ்சாலைப் போலீஸ். கணவாய் உச்சியில் மரக்கட்டை லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையை மறித்து நிற்கிறது, உடனே வரவேண்டும். ஆர்வில் பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவுக்குப் போனார். பாதியில் நின்று, சாவியை மகனிடம் நீட்டினார்.

நீல் வாங்கவில்லை. "நீங்களும் வர்றதா இருந்தா வாங்கிக்கிறேன். பக்கத்துல உக்காருங்க. வாயைத் திறக்கக்கூடாது."

நீல் அப்பனிடம் அப்படிப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஆர்வில் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார். ஐரீனும் லாய்டும் பின்னாலேயே லாய்டின் வண்டியில் போனார்கள்.

உச்சியில் போலீஸ்காரர் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றார். நீல் இறங்கி, மரக்கட்டை லாரிக்கு அடியில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனான். ஆர்வில் தொப்பியைக் கழற்றி அதாலேயே முகத்தைத் துடைத்தார். பிறகு மகன் பக்கத்தில் போய் நின்றார்.

"எத்தனை நாளாடா என்னைப் பாத்து பயப்படுறே?"

"நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து," என்றான் நீல், வேலையை நிறுத்தாமல். "அதோ, அந்த ரெண்டாவது கொக்கி. சங்கிலியை அதுல மாட்டுங்க."

ஆர்வில் அந்த இடத்தில் ரெண்டாவது கொக்கியில் மாட்டுகிறவர் இல்லை. எப்போதும் முதல் கொக்கிதான். அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சேற்றில் மண்டியிட்டு, மகன் சொன்ன கொக்கியில் மாட்டினார்.